யார் வீட்டுச் சுவர்?

அந்த ஞாயிற்றுக்கிழமை சுல்மா தெச்செரா தன் புருஷன் கட்டிய சுவரை எட்டி உதைத்தாள். சாந்து இன்னும் காயவில்லை. ஒரே உதையில் சுவர் பின்பக்கமாகச் சாய்ந்து செங்கல் செங்கலாகக் கொட்டியது. சுற்றி வேலை செய்துகொண்டிருந்தவர்கள் கரண்டியும் கையுமாகத் திரும்பிப் பார்த்தார்கள். புருஷன் எல்பியோ நிழலில் உட்கார்ந்து மாத்தே என்ற கசப்புத் தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தான். குடுவையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான்.

“என்னடி பண்ற?”

“கோணல். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன், நடுவுல ரெண்டு விரல் போவுது. திரும்பக் கட்டு.”

“நான் கட்டினதுடி அது!”

“நீ கட்டினா என்ன, போப்பாண்டவர் கட்டினா என்ன? கோணல் கோணல்தான்.”

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் வினையாகப் போயிற்று. கலவைக் குவியலில் செருகியிருந்த மண்வெட்டியை எல்பியோ உருவினான். முதல் அடி அவள் தோளில் விழுந்தது. செங்கல் குவியலின் மேல் குப்புற விழுந்தவள், எழுந்திருக்க வலது கையைத் தரையில் ஊன்றினாள். இரண்டாவது அடி அந்தக் கையின் மேல், மண்வெட்டியின் விளிம்பால். இரண்டு விரல்கள் நசுங்கின. அவள் கத்திய கத்தலில் சாரத்தின் மேல் நின்றவன் கையிலிருந்த சட்டி கீழே விழுந்தது. மூன்றாவது அடிக்கு அவன் ஓங்கியபோது, பக்கத்தில் கல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஒந்தினா ஒரு வாளி சுண்ணாம்புத் தண்ணீரை அப்படியே அவன் முகத்தில் விசிறினாள். கண்ணைப் பொத்திக்கொண்டு அவன் சுழன்றான். அதற்கப்புறம்தான் ஆண்பிள்ளைகளுக்குக் கால் வந்தது. நாலு பேர் சேர்ந்து அவனை அமுக்கினார்கள். அமுக்கின பிறகும் வாய் ஓயவில்லை. கலவைத் தொட்டியில் சுல்மாவின் ரத்தம் சிமெண்டோடு கலந்துபோனது. அந்தக் கலவையை எந்தச் சுவரில் பூசினார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு கோணல் சுவருக்கு இவ்வளவு ரத்தமா என்று தோன்றும். செர்ரோ மலைச்சரிவில் அந்த வீடுகளைக் கட்டியவர்கள் யாரும் கொத்தனார்கள் இல்லை. கம்பளி அலசும் ஆலையின் தொழிலாளிகள். மொந்தேவிதேயோ நகரத்தில் வீட்டுக்காரன் விரட்ட விரட்ட, ஓர் ஒண்டுக் குடித்தனத்திலிருந்து இன்னோர் ஒண்டுக் குடித்தனத்துக்கு மூட்டை தூக்கி அலுத்துப்போய், சங்கத்தில் பேசிக் கூட்டுறவு ஒன்றை ஆரம்பித்தார்கள். நிலமும் கல்லும் அரசாங்கக் கடன். உழைப்பு தங்களுடையது, குடும்பத்துக்கு வாரம் இருபத்தோரு மணி நேரம். கட்டிய வீடு கூட்டுறவுக்குத்தான் சொந்தம். விற்க முடியாது, வாடகைக்கு விட்டுக் காசு பார்க்க முடியாது. ஆனால் சாகும்வரை குடியிருக்கலாம், அப்புறம் பிள்ளைகள் இருக்கலாம், ‘காலி பண்ணு’ என்று எவனும் வாசலில் வந்து நிற்க முடியாது. ஒருத்தருக்கு வேலை போனால் அந்த மாதத் தவணையை மற்றவர்கள் தாங்குவார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய விதி குலுக்கல். கடைசிக் கதவு மாட்டும்வரை எந்த வீடு யாருக்கு என்று ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துவிட்டால் என்ன நடக்கும்? தன் வீட்டுக்குச் சிமெண்டைக் கொட்டுவான், அடுத்தவன் வீட்டுக்கு மணலைக் கொட்டுவான். மனுஷ புத்தி. அதனால் எல்லாச் சுவரும் எல்லாருடைய சுவர். கோணலாக இருந்தால் கட்டியவன் மாமனா மச்சானா என்று பார்க்காமல் இடிப்பார்கள்.

சுல்மாவுக்கு இந்த விதி ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. ஆலையில் கம்பளி அலசிவிட்டு, வெந்நீரில் வெளிறிப்போன கையோடு நேராக மலைக்கு வருவாள். ஆரம்பத்தில் கல் சுமந்தாள், அப்புறம் கலவை குழைத்தாள், அப்புறம் கரண்டி பிடித்தாள். கடைசியில் அவள் குழுவே அவளைத் தலைவியாகத் தேர்ந்தெடுத்தது. அந்தக் குடும்பத்துக்கான மணி நேரம் கிட்டத்தட்ட முழுவதும் அவள் உழைத்ததுதான்.

எல்பியோ என்ன செய்தான்? பேசினான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்களே, அவனைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். ராணுவ ஆட்சியில் சிறையில் இருந்து வந்தவன் என்ற மரியாதை வேறு. கூட்டத்தில் எழுந்து “தோழர்களே, நாம...” என்று ஆரம்பித்தால் கல்லும் கரையும். வீட்டுக்குள் வந்தால் வாய் மூடிக்கொள்ளும், கை பேசும். சூப்பில் உப்பு குறைந்தால் ஓர் அறை. குழந்தை அழுதால் ஓர் அறை. ஓர் அறையில் சுல்மாவின் இடது காது போயே போய்விட்டது. அன்றிலிருந்து கேட்காத காதைத் தலையணையில் புதைத்து, கேட்கும் காதை மேலே வைத்துத்தான் தூங்குவாள். அவன் செருப்புச் சத்தம் கேட்க வேண்டுமே. ஒண்டுக் குடித்தனத்தில் எல்லா வீட்டுக்கும் அவள் அலறல் கேட்கும். எல்லாரும் ரேடியோவைச் சத்தமாக வைப்பார்கள். பாவிகள்.

அவள் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். உள்ளே தாழ்ப்பாள் போட ஒரு கதவு. கதவுக்கு உள்ளே அவளும் மகள் மாபெலும், வெளியே எல்பியோ. அதற்காகத்தான் அத்தனை கல்லும் சுமந்தாள். ஆனால் குறுக்கே ஒரு முள் கிடந்தது. உறுப்பினர் என்று குடும்பத்துக்கு ஒரு பெயர்தான். ஆரம்பித்த நாளில் சங்கத்துக்காரர்கள் கூடி எழுதிய பெயர்கள், அத்தனையும் ஆண்களின் பெயர்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. வேறு மாதிரி எழுதலாம் என்று யாருக்கும் தோன்றவே இல்லை, அவ்வளவுதான். வீட்டுக்கு ஓர் ஓட்டு, அந்த ஓட்டு எல்பியோவின் கையில்.

விரல் நசுங்கிய ஆறாம் நாள், சனிக்கிழமை, மலையிலேயே தகரக் கொட்டகையில் கூட்டம் போட்டார்கள். கூட்டுறவின் தலைவர் எர்மெஸ், ஒந்தினாவின் புருஷன். நேர்மையான மனிதர், ஆனால் விதி, விதி என்று உயிரை வாங்குவார். அவர் எழுந்து விதியைச் சொன்னார். வேலை நடக்கும் இடத்தில் எந்த உறுப்பினராவது கை ஓங்கினால் அவரை வெளியேற்ற வேண்டும். உறுப்பினர் வெளியேறினால் குடும்பமும் வெளியேறும்.

அடித்தவன் போகட்டும், அடிபட்டவள் ஏன் போக வேண்டும்? சுல்மா கட்டுப்போட்ட கையைத் தூக்கினாள்.

“தோழர் சுல்மா, மன்னிக்கணும். நீங்க உறுப்பினர் இல்ல. உங்க குடும்பத்துக்காகப் பேச எல்பியோ இருக்காரு.”

“என்னைய அடிச்சவன் எனக்காகப் பேசுறானா?”

“விதி அப்படித்தான் இருக்கு, தோழர்.”

எல்பியோ எழுந்தான். என்னமாய்ப் பேசினான் என்கிறீர்கள்! சிறையைப் பற்றிச் சொன்னான், அங்கே வாங்கிய அடியைச் சொன்னான், அந்த அடி தனக்குள்ளே இருந்துகொண்டு தன்னையறியாமல் வெளியே வருகிறது என்றான். தேம்பித் தேம்பி அழுதான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான், ஆனால் பாதிக் கொட்டகை மூக்கைச் சிந்தியது. “எனக்காக வேண்டாம் தோழர்களே, என் பொண்டாட்டி பிள்ளை தெருவுல நிக்கக்கூடாது, அதுக்காக மன்னிங்க” என்று முடித்தான்.

எர்மெஸும் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “புருஷன் பொண்டாட்டி விஷயத்துல மூணாவது மனுஷன் நுழையக்கூடாது. அடிக்கிற கைதான் அணைக்கும். ஒரு எச்சரிக்கையோட விட்டுடலாம்னு நினைக்கிறேன். சரிங்கறவங்க கை தூக்குங்க.”

கைகள் உயர்ந்தன. எல்பியோவும் தூக்கினான், தன்னை மன்னிக்கத் தன் ஓட்டையே போட்டான். அதற்கு விதி எதுவும் குறுக்கே வரவில்லை பாருங்கள்.

சுல்மா எழுந்து கொட்டகையை விட்டு வெளியே வந்தாள். கருவிகள் கிடந்த மூலையில் சம்மட்டி இருந்தது. இடது கையால் தூக்கி, அடிபட்ட வலது கையின் முழங்கையை அண்டை கொடுத்து, முதல் வரிசையில் நடு வீட்டுக்குப் போனாள். பூச்சுக்குத் தயாராக நின்ற சுவர். ஓங்கி ஒரு போடு போட்டாள். கல் ஒன்று உள்பக்கம் தெறித்தது. இன்னொரு போடு. மூன்றாவது போட்டில் ஜன்னலுக்குக் கீழே ஓர் ஆள் நுழையும் அளவு ஓட்டை விழுந்தது. கட்டுத்துணி சிவந்து, முழங்கை வழியாக ரத்தம் சொட்டியது. அவள் நிறுத்தவில்லை.

கொட்டகை முழுக்க ஓடி வந்தது. எர்மெஸ் முதலாவதாக வந்தார்.

“அய்யோ, நிறுத்துங்க! யார் வீட்டுச் சுவர் அது!”

சுல்மா திரும்பினாள். மூச்சு வாங்கியது.

“யார் வீட்டுச் சுவர்? நீங்கதான் சொல்லுங்களேன்.”

எர்மெஸ் என்ன சொல்வார்? குலுக்கல்தான் இன்னும் நடக்கவில்லையே. அவருடைய வீடாக இருக்கலாம். பின்னால் நிற்கிறவன் வீடாக இருக்கலாம். யாராலும் ‘எனக்கென்ன’ என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியவில்லை.

“எல்லா வீட்டுலயும் நான் வெச்ச கல்லு இருக்கு. எனக்கு இங்க ஓட்டு இல்லன்னா என் கல்லுக்கும் இங்க இடம் இல்ல. என் கல்ல நான் எடுத்துட்டுப் போறேன். வழிய விடுங்க.”

எல்பியோ கூட்டத்தைப் பிளந்துகொண்டு பாய்ந்து அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்தான். ஒந்தினா தன் கரண்டியின் முனையை அவன் கழுத்தில் வைத்து அழுத்தினாள். தோல் கீறி ரத்தம் எட்டிப் பார்த்தது.

“விடுடா கைய. விடலன்னா கோழி கழுத்தறுக்கிற மாதிரி அறுத்துப்புடுவேன்.”

விட்டான். பெண்பிள்ளை கையில் பளபளக்கும் இரும்பைப் பார்த்துத் தான் பின்வாங்கியதை அத்தனை பேரும் பார்த்ததுதான் அவனுக்கு அந்தக் கீறலைவிட வலித்திருக்கும். ஒந்தினா அவனைத் தள்ளிவிட்டு, கீழே கிடந்த சுத்தியலை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுச் சுவருக்குப் போனாள்.

எர்மெஸ் பதறினார். “ஏ ஒந்தினா! நீ எங்க போற? அது நம்ம வீடா இருந்தா?”

“இருந்தா? உன் வீடு. நான்தான் உறுப்பினர் இல்லையே.”

சுத்தியல் இறங்கியது. அவ்வளவுதான். கல் சுமந்து, கலவை குழைத்து, ஓட்டு மட்டும் இல்லாமல் இருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக எதையாவது எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சுவர் முன்னாலும் போய் நின்றார்கள். ஒருத்தி அழுதுகொண்டே ஓங்கினாள். ஒருத்தி புருஷனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஓங்கினாள். சாது மிரண்டால் காடு கொள்ளாது, மலைச்சரிவு கொள்ளுமா?

“நிறுத்துங்க! கூட்டம் இன்னும் முடியல!” என்று எர்மெஸ் தொண்டை கிழியக் கத்தினார். “இங்கயே, இப்பவே திரும்பக் கூடுது! கல்லு வெச்சவங்க எல்லாருக்கும் ஓட்டு!”

வெயிலில், செங்கல் தூளுக்கு நடுவே நின்றபடி கை தூக்கினார்கள். கணக்கெடுக்கவே வேண்டியிருக்கவில்லை. எல்பியோ வெளியே, அந்தக் குடும்பத்தின் பெயர் இனி சுல்மா தெச்செரா. எல்பியோ தரையில் காறித் துப்பினான். “உன்னைய இந்த மலையிலேயே புதைக்கிறேன்டி” என்று சொல்லிவிட்டுப் போனான்.

எர்மெஸ் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “இன்னொண்ணு இருக்கு” என்றார். “சுவத்த இடிச்சவங்க இடிச்சதத் திரும்பக் கட்டித் தரணும். அந்த உழைப்பு வாரக் கணக்குல சேராது. சரிங்கறவங்க?”

சுல்மா முதல் ஆளாகக் கை தூக்கினாள். உறுப்பினராக ஆனபின் அவள் போட்ட முதல் ஓட்டு தன் தண்டனைக்குத்தான்.

வலது கையில் கரண்டி நிற்கவில்லை. நசுங்கின விரல்கள் மடங்கியபடியே இறுகிப்போயின. இடது கையால் கட்டினாள். கட்டி முடித்துத் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தாள். ஒரு விரல் நுழைந்தது. பார்த்தவர்கள் பார்க்காத மாதிரி போனார்கள். “பரவால்லடி, பூசினா தெரியாது” என்றாள் ஒந்தினா. சுல்மா ஒரு காலைத் தூக்கினாள். சுவர் மறுபடி விழுந்தது. “கோணல் கோணல்தான்” என்றாள்.

இரண்டாம் முறை கட்டிக்கொண்டிருந்த நாட்களில் ஒரு மதியம் எல்பியோ வந்தான். சாப்பிட்டுவிட்டு எல்லாரும் கண்ணயர்ந்திருந்த நேரம். வேலை நடக்கும் இடத்தின் கம்பிக் கதவுக்கு வெளியே காவல் முறை எர்மெஸுக்கு. முறை வைத்து ஒவ்வொருத்தராகக் காவல் இருப்பார்கள், தலைவருக்கும் விலக்கு இல்லை. எல்பியோவின் கையில் இரும்புக் கம்பி.

“கதவத் தெறங்க தோழர். என் பொண்டாட்டிகிட்டப் பேசணும்.”

“கம்பி எதுக்கு?”

“அது எனக்கும் அவளுக்கும். புருஷன் பொண்டாட்டி விஷயத்துல மூணாவது மனுஷன் நுழையக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?”

எர்மெஸ் சொன்ன வார்த்தையே திரும்பி வந்து அவர் கன்னத்தில் அறைந்தது. கை சாவியில் இருந்தது. நிமிர்ந்து சொன்னார்:

“உள்ள உறுப்பினர்களுக்கு மட்டும்தான் அனுமதி. நீ உறுப்பினர் இல்ல.”

“தெற கதவ!”

“விதி அப்படித்தான் இருக்கு.”

கம்பி அவர் வாயில் விழுந்தது. முன்பற்கள் உடைந்து சட்டையில் சிதறின. ஆள் விழவில்லை. கதவின் கம்பிகளில் இரண்டு கையையும் கோத்துக்கொண்டு, முதுகில் விழுந்த அடியையெல்லாம் வாங்கிக்கொண்டு நின்றார். ரத்தம் நிறைந்த வாயோடு, “சுல்மா! சுல்மா!” என்று கத்தினார். கேட்கும் காது அந்தப் பக்கம் இருந்தது. அவள் சம்மட்டியோடு ஓடி வந்தாள். பின்வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு, எல்பியோ திரும்புவதற்குள் அவன் பின்னால் வந்து, முழங்காலைக் குறிவைத்து வீசினாள். எலும்பு நொறுங்கியது. அவன் போட்ட ஓலம் மலை முழுக்கக் கேட்டது. இந்த முறை யாரும் ரேடியோவைச் சத்தமாக வைக்கவில்லை. எல்லாரும் ஓடி வந்தார்கள்.

அவன் தரையில் கிடந்தான். சுல்மா சம்மட்டியை மறுபடி தூக்கினாள், இந்த முறை தலைக்கு நேராக. போன காது, நசுங்கின விரல், மாபெலின் முதுகில் இருந்த பெல்ட் தழும்பு, எல்லாம் சேர்ந்து அந்தக் கையைத் தூக்கின. கொன்றே இருப்பாள்.

“தோழர்...” என்றார் எர்மெஸ், பொக்கை வாயில் காற்று சீற. “வேலை நடக்கிற இடத்துல... உறுப்பினர் கை ஓங்கினா... வெளியேத்தணும்.”

சுல்மா அவரைப் பார்த்தாள். கீழே கிடந்தவனைப் பார்த்தாள்.

“இவன் வாசலுக்கு வெளிய தான கிடக்கான்?”

எர்மெஸ் கதவில் தொங்கியபடியே எட்டிப் பார்த்தார். “வெளியதான். அதனால அந்த ஒரு அடி கணக்குல வராது. இன்னொண்ணு வேணாம். ஆளு செத்தா உங்களுக்கு ஜெயிலு, வீடு போயிடும், தோழர்.”

வீடு என்ற சொல்தான் அவள் கையை இறக்கியது. சம்மட்டி மண்ணில் விழுந்தது. எல்பியோவை ஆம்புலன்ஸ் வந்து அள்ளிக்கொண்டு போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து சிறைக்கும், சிறையிலிருந்து எல்லை ஆற்றைத் தாண்டி அக்கரை நாட்டுக்கும் போனான் என்றார்கள். அவன் போன திசைக்கு ஒரு கும்பிடு.

இலையுதிர்காலத்தில் குலுக்கல் நடந்தது. கொத்து வேலைத் தொப்பி ஒன்றில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினார்கள். சுல்மா மடங்கின விரல்களாலேயே ஒரு சீட்டைக் கவ்வி எடுத்தாள், கடைசி வரிசையில் மூலை வீடு. எர்மெஸுக்கு விழுந்தது முதல் வரிசை நடு வீடு. கூட்டம் ஊளையிட்டுச் சிரித்தது. ஒந்தினாதான் அதிகம் சிரித்தாள்.

அன்று சாயங்காலமே சுல்மா குடிபுகுந்தாள். கட்டில்கூட வந்து சேரவில்லை. தரையில் சாக்கை விரித்து மாபெலை உட்கார வைத்து, உள்தாழ்ப்பாளைப் போட்டுத் திறந்து, போட்டுத் திறந்து பார்த்தாள். அப்போது கதவு தட்டப்பட்டது. மாபெல் சட்டென்று சுவரோரம் ஒடுங்கினாள். சுல்மா சம்மட்டியை எடுத்துக்கொண்டு கதவருகே போனாள்.

“யாரு?”

“நான்தான் எர்மெஸ். தூக்குக்குண்டு கொஞ்சம் வேணும். படம் மாட்டறதுக்கு முன்னாடி அந்தச் சுவத்தப் பாக்கணும்.”

“அது நான் கட்டினது.”

“தெரியும். அதனாலதான்.”

கொடுத்தனுப்பினாள். சற்று நேரத்தில் திரும்பி வந்தார். குண்டை அவள் கையில் வைத்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“நேரா இருக்கு, தோழர். நூல் புடிச்ச மாதிரி. அன்னிக்குக் கொட்டகையில நான் பேசினதுதான் கோணல்.”

“கோணல்தான்” என்றாள் சுல்மா. “போய்ப் படுங்க. காத்து அடிக்குது, வாய் வலிக்கும்.”

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். சம்மட்டியைக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தாள். விளக்கை அணைத்துவிட்டு மகளைக் கட்டிக்கொண்டு சாக்கில் படுத்தாள். வழக்கம்போலக் கேட்காத காதுப் பக்கம்தான் சாய்ந்தாள். கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தாள். பிறகு புரண்டு, கேட்கும் காதைக் கீழே புதைத்துக்கொண்டு தூங்கினாள்.